ஏட்டில் இல்லாத கைகள்

(பொருளாதாரத் துறை)

கொள்ளைநோய் மனித குலத்துக்குப் புதியதன்று. காலராவும் பிளேக்கும் பெரியம்மையும் நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஊர் ஊராகக் காலி செய்திருக்கின்றன. 1918ஆம் ஆண்டின் நச்சுக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த நோய் வந்து சேர்வதற்குச் சற்று முன்புதான், அதே 1918 ஏப்ரல் 27ஆம் நாள், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா, செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு. வி. க. ஆகியோரின் பெயர்கள் அதனோடு இணைந்து நிற்கின்றன. நோயும் சங்கமும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல் என்று தோன்றலாம். ஆனால் போர்க்கால விலையேற்றத்தால் நலிந்த உடம்புகளைத்தான் நோய் எளிதில் பற்றியது. அதே விலையேற்றம்தான் ஆலைத் தொழிலாளியைச் சங்கத்தின் பக்கம் தள்ளியது.

2020இல் வந்த கொரோனாவைப் பற்றி மருத்துவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். இக்கட்டுரை மருந்தைப் பற்றியதன்று. வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் நம் தோல் தொழில் வட்டாரத்தில், ஊர் அடங்கிக் கிடந்த நாட்களில் உதவி யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது, யார் கைக்குச் சேரவில்லை, சேராதவர்களுக்காக என்ன செய்ய முடிந்தது என்பதைப் பற்றியது. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். எவருடைய பெயர் ஏதேனும் ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருந்ததோ, அவருக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது. பெயர் எழுதப்படாதவர் கடைசி வரிசையில் நின்றார். ஆகவே அந்நாட்களில் அடித்தட்டு மக்களிடையே நடந்த அமைப்புப் பணி என்பது, கொடி பிடிப்பதற்கு முன்பு, பெயர் எழுதும் பணியாகவே இருந்தது.

தோலும் தையலும்

நம் வட்டாரத்துத் தோல் தொழிலுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வயது உண்டு. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோல்கள்தாம் முதலில் கப்பலேறின. குரோம் முறை பின்னால் வந்தது. பதனிடும் வேலை பெரும்பாலும் ஆண்களுடையது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதை இவ்வூர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1972இல் சீதாராமையா குழு ஒரு பரிந்துரை செய்தது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் குறைத்து, செருப்பாகவும் பையாகவும் ஆக்கி அனுப்பினால் நாட்டுக்கு வருவாயும் வேலையும் பெருகும் என்பது அதன் சாரம். அதையொட்டி அரசு ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. அதன் விளைவாகவே ஆம்பூரைச் சுற்றிக் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. தொட்டி வேலைக்கு ஆண் தேவைப்பட்ட ஊரில் தையல் வேலைக்குப் பெண் தேவைப்பட்டாள். காலையில் கம்பெனிப் பேருந்துகள் கிராமம் கிராமமாகச் சென்று பெண்களை ஏற்றிவரும் காட்சி அப்படித்தான் பிறந்தது. டில்லியில் எழுதப்பட்ட ஓர் அறிக்கை நம் ஊர்ப் பெண்களின் விடியற்காலையை மாற்றிவிட்டது எனலாம்.

ஆனால் தொழிற்சாலையின் கதவோடு இத்தொழில் முடிவதில்லை. மொக்காசின் போன்ற சில வகைக் காலணிகளின் மேற்பகுதியை, கம்பெனி மொழியில் சொன்னால் அப்பரை, எந்திரத்தில் தைப்பதைவிடக் கையால் தைப்பதே வழக்கம். வெட்டிய தோல் துண்டுகளையும் நூலையும் ஏஜென்டு வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பார். பெண்கள் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே திண்ணையில் அமர்ந்து தைத்து வைப்பார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஏஜென்டு வந்து எண்ணி எடுத்துச் செல்வார். கூலி ஜோடிக் கணக்கில்தான். மணிக்கணக்கும் இல்லை, நாள்கணக்கும் இல்லை. இப்பெண்களை நேரில் கண்டு, இங்கிலாந்தின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்டுவைடு, பெங்களூருவின் சிவிடெப் முதலிய அமைப்புகள் 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பியக் கடையில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் காலணியின் ஒரு ஜோடிக்கு இவர்கள் பெற்ற கூலி ஏறத்தாழப் பத்து ரூபாய் என்பதை அது உலகுக்குக் காட்டியது. விரலில் ஊசிக் காயம், தோள்வலி, கண் எரிச்சல் இவை எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

“யாருக்கு அக்கா தைக்கிறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “ஏஜென்டு அண்ணனுக்கு” என்பதுதான் விடையாக வரும். அந்த அண்ணன் யாரிடம் வாங்குகிறார், அந்தக் கம்பெனி எந்த நாட்டுக்கு அனுப்புகிறது என்பதெல்லாம் திண்ணைக்கு எட்டாத செய்திகள்.

ஊரடங்கும் ஓர் ஆணையும்

2020 மார்ச் 24 இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மறுநாள் முதல் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. ஐரோப்பாவிலும் கடைகள் மூடியதால் கேட்டிருந்த சரக்குகள் நின்றன. பேருந்து இல்லை, ஏஜென்டின் வண்டி இல்லை, தோலும் இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நோய் கண்ட தெருக்கள் தடுப்புக் கட்டி அடைக்கப்பட்டன. வேலூர் மாவட்ட எல்லையில், குடியாத்தம் பக்கத்துச் சைனகுண்டாவிலும் பொன்னை அருகிலும், ஆந்திரத்துக்குச் செல்லும் சாலையின் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்ததும் இடித்தார்கள். நோய்க் கிருமி சாலை வழியாகத்தான் வரும் என்று எண்ணிய அந்தச் சுவரைப் பற்றி இங்கே அதிகம் சொல்லாமல் விடுகிறேன்.

மார்ச் 29ஆம் நாள் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆலையோ, கடையோ, வேலையளிப்போர் அனைவரும் ஊரடங்கு நாட்களுக்கான கூலியைப் பிடித்தமின்றி உரிய தேதியில் தர வேண்டும் என்றது அந்த ஆணை. படிக்கும்போது நெஞ்சு குளிர்ந்தது உண்மை. ஆனால் இரண்டு மாதம் கூட அது நிலைக்கவில்லை. மே 18 முதல் ஆணை விலக்கிக் கொள்ளப்பட்டது. ஜூன் 12இல் உச்ச நீதிமன்றம், கூலியைப் பற்றி முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், அதுவரை முதலாளிகள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமானால் எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தொழிற்சாலைக்குள் வேலை பார்த்த பெண்ணுக்காவது அடையாள அட்டை உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, சேமநிதி எண் உண்டு. கூலி முழுதாகக் கிடைத்ததோ பாதி கிடைத்ததோ, யாரிடம் கேட்க வேண்டும் என்பதாவது அவளுக்குத் தெரியும். திண்ணையில் தைத்தவள் யாரிடம் கேட்பாள்? ஏற்கனவே தைத்துக் கொடுத்த ஜோடிகளின் கூலி நின்றுபோனாலும், ஏஜென்டின் கைப்பேசி எண்ணைத் தவிர அவளுக்கு வேறு முகவரி கிடையாது. ஆணையில் இருந்த ‘வேலையளிப்போர்’ என்ற சொல் அவள் வீட்டு வாசலுக்கு வரும்போது பொருளற்றுப் போனது.

பீடி சுற்றியவள் பெற்றது

வீட்டில் இருந்து செய்யும் வேலைக்கு முதலாளி யார் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி சுற்றும் பெண்களிடம் போனால் போதும். அவர்களும் வீட்டில் இருந்தே சுற்றுகிறார்கள். அவர்களுக்கும் இலையும் தூளும் இடையில் ஒருவர் வழியாகவே வருகின்றன. ஆயினும் 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அவர்களைத் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. வீட்டில் உட்கார்ந்து சுற்றினாலும், இடையில் ஒப்பந்தக்காரர் இருந்தாலும், யாருடைய பீடியோ அவரே பொறுப்பு என்ற கருத்தை அது நிலைநாட்டியது. பீடி முதலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம், மங்களூர் கணேஷ் பீடி வழக்கில், அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. பீடிக் கட்டின் மீது ஒரு சிறு வரி விதித்து, அதிலிருந்து மருத்துவமும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் கிடைத்தன. அடையாள அட்டை வந்தது, சேமநிதி வந்தது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது அந்த நலவரி ஒழிந்தது என்பது வருந்தத்தக்கது. ஆயினும் பீடி சுற்றுபவள் தொழிலாளி என்ற பெயரை எவராலும் பறிக்க முடியவில்லை.

அதே தெருவில், பக்கத்துத் திண்ணையில், அதே போன்ற வேலையைத் தோலில் செய்தவளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இரு பெண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு உழைப்பில் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொழிலில் சங்கம் இருந்தது, மற்றதில் அத்தகைய சங்கம் எழவில்லை. அவ்வளவே.

குஜராத்திலும் இதே சிக்கல் ஒருமுறை வந்தது. 1972இல் அகமதாபாத்தில் இளா பட் அம்மையார் சேவா என்ற பெண்கள் சங்கத்தைப் பதிவு செய்யச் சென்றார். இவர்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்று அதிகாரிகள் மறுத்தார்கள். சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்கு மட்டுமன்று, உழைப்பவர்கள் ஒன்றாக நிற்பதற்கும்தான் என்று அம்மையார் வாதாடி வென்றார். உலகத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுப்பணி பற்றிய 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியதில் அச்சங்கத்தின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. இந்தியா இன்றுவரை அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அதே 1996இல்தான், ஆகஸ்டு 28ஆம் நாள், நம் பாலாற்றை மாசுபடுத்திய தோல் தொழிற்சாலைகள் பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பும் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது. நம் வட்டாரத்து மக்கள் ஓர் ஆற்றுக்காக ஒன்றுகூடி உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் என்பதை இளைய தலைமுறை மறந்துவிடக் கூடாது.

அரிசியும் பட்டியலும்

ஊரடங்கில் அரசு சும்மா இருந்தது என்று சொல்வது அறமாகாது. தமிழ்நாட்டில் அரிசிக் குடும்ப அட்டைக்கு 1000 ரூபாயும், ஏப்ரல் மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை விலையின்றியும் கிடைத்தன. பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் மத்திய அரசு செலுத்தியது. அடுத்த அலையில், 2021 மே, ஜூன் மாதங்களில், புதிய மாநில அரசு இரு தவணையாக 4000 ரூபாய் தந்தது. அட்டை இருந்தவர்க்கு இவை பெருந்துணை. கணவன் வீட்டு அட்டையில் பெயர் சேராதவள், பிழைக்க வந்து வாடகை வீட்டில் தங்கியவள், வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்தவள், இவர்கள் வெளியே நின்றார்கள்.

பட்டியல் எங்கெல்லாம் ஏற்கனவே இருந்ததோ அங்கெல்லாம் உதவி விரைந்து சென்றது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இரமலான் அரிசி. நோன்புக் கஞ்சிக்காக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு அரிசி தருவது வழக்கம். 2020இல் ஒதுக்கியது 5450 டன். கூட்டமாகக் கூடிக் கஞ்சி காய்ச்ச முடியாத ஆண்டு அது. ஆகவே அரிசியை வீடுகளுக்கே தன்னார்வலர் மூலம் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஜமாஅத்தின் கையில் குடும்பக் கணக்கு இருந்ததால்தான் அண்டாவில் கொதிக்க வேண்டிய அரிசி அடுத்த வாரமே அடுக்களைக்குப் போக முடிந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டப் புத்தகங்களும் இப்படியே பயன்பட்டன. இருபது பேரின் பெயர், முகவரி, கைப்பேசி எண் என்று ஒரு நோட்டுப் புத்தகம் இருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கியது. மாறாக, அரிசிப் பையோடு நிழற்படம் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஒரே வீட்டுக்கு மூன்று பை வந்ததும் எதிர்வீட்டுக்கு ஒன்றும் வராததும் பட்டியல் இல்லாத கொடையின் குணம்.

வெறுப்பும் அந்நாட்களில் ஒரு தொற்றாகவே பரவியது. டில்லி மாநாடு ஒன்றைக் காரணம் காட்டி ஒரு சமயத்தார் மீதே பழி சுமத்தப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் அந்தப் பழியை நேரடியாகச் சுமந்த ஊர்கள். சென்னையில் நோயால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிசின் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்ததும் அதே ஏப்ரலில்தான். அடக்கத்தைத் தடுப்போருக்குத் தண்டனை என்று மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. பழி சுமந்த அந்தச் சமூகத்து இளைஞர்களே பின்னர்த் தமிழகம் எங்கும் இறந்தவர்களை, எந்தச் சமயத்தவர் என்று பாராமல், எடுத்து அடக்கம் செய்தார்கள். அவர்கள் விளக்கம் எதுவும் எழுதவில்லை, தோள் கொடுத்தார்கள்.

தெருவோர வணிகர்களின் கதையையும் குறிப்பிட்டாக வேண்டும். 2020 மே 12ஆம் நாள் வாணியம்பாடியில் நகராட்சி அதிகாரி ஒருவர் பழ வண்டிகளைக் கவிழ்த்துக் கொட்டினார். யாரோ கைப்பேசியில் படம் பிடித்தார்கள். நாடே பார்த்தது. அதிகாரி வணிகர்களிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை வந்தது. இடமாற்றமும் வந்தது. தெருவோர வணிகர்க்கு 2014ஆம் ஆண்டிலேயே ஒரு பாதுகாப்புச் சட்டம் உண்டு. அவர்களைக் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் வந்து ஆறாண்டு ஆன பின்னும் கவிழ்ந்த வண்டியைக் காக்க அந்தச் சட்டம் முன்னே வரவில்லை, ஒரு கைப்பேசிதான் வந்தது.

கடன் தவணை

பசியைவிடச் சில வீடுகளைக் கூடுதலாக வாட்டியது கடன். நம் வட்டாரத்தில் நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணை, மாதத் தவணை இல்லாத தெரு குறைவு. பத்துப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27இல் தவணைகளை மூன்று மாதம் தள்ளிப்போடலாம் என்றது. பின்னர் ஆகஸ்டு 31 வரை நீட்டியது. இதில் இரண்டு நுணுக்கங்களைப் பலர் அறியவில்லை. தள்ளிப்போடுவது தள்ளுபடி ஆகாது, வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அடுத்து, தள்ளிவைக்கும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். ஊரடங்கு தளர்ந்ததும் வசூலிக்க வந்தவர்கள் இதையெல்லாம் சொல்வார்களா? அதனால் மாதர் அமைப்புகள் தமிழகத்தின் பல ஊர்களில் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையையே தமிழில் எடுத்துச் சொல்லும் வேலையைச் செய்தன. ஆட்சியர் அலுவலகங்களின் முன் இடைவெளி விட்டு நின்று மனுக் கொடுத்தன. தள்ளிவைத்த காலத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச் 23இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு திண்ணைக்கு எவ்வளவு எட்டியது என்பது வேறு கேள்வி.

இடையே ஒரு வேடிக்கை. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்றாயிற்று. மே 10இல் முழு ஊரடங்கு வந்து பேருந்துகளே நின்றுவிட்டன. இரண்டு நாள் ஓடிய அந்தச் சலுகை, ஊரடங்கு நீங்கிய பின்தான் நம் பெண்களுக்கு உண்மையில் கிடைத்தது.

பெயர் எழுதும் வழி

பெருந்தொற்று நாட்டுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. அமைப்புசாராத் தொழிலாளர் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்பது அரசுக்கே தெரியாது. புலம்பெயர் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29இல் கண்டிப்பாக உத்தரவிட்ட பின், ஆகஸ்டு 26இல் இ-ஷ்ரம் என்ற பதிவுத் தளம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, நோய் உச்சத்தில் இருந்த செப்டம்பரில், நாடாளுமன்றம் தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்துப் புதிய விதித்தொகுப்புகளை நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21இல் அவை நடைமுறைக்கு வந்தன. பீடிச் சட்டமும் இப்போது அவற்றுள் ஒன்றில் அடங்கிவிட்டது. தொழிற்சங்கங்கள் இத்தொகுப்புகளை எதிர்த்து வருகின்றன, அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் வீட்டிலிருந்து பணிபுரிவோர் என்று ஒரு வரையறை இருக்கிறது. தன் வீட்டிலோ தான் விரும்பும் வேறு இடத்திலோ இருந்து, ஒரு வேலையளிப்பவருக்காகக் கூலி பெற்றுப் பொருள் செய்து கொடுப்பவர் என்பது அதன் பொருள். திண்ணையில் அப்பர் தைப்பவளை இந்த வரையறைக்குள் கொண்டுவர முடியும். அதற்கு, அவள் தைத்த ஜோடிகள் எந்தக் கம்பெனிக்குப் போயின என்று காட்டும் ஒரு சீட்டாவது அவள் கையில் இருக்க வேண்டும். ஆகவே ஏஜென்டிடம் ஜோடிக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக் கையொப்பம் கேட்பது சிறிய செயலாகத் தோன்றினாலும், பீடிப் பெண்கள் கையில் இருந்த கணக்குப் புத்தகத்துக்கு ஈடான செயல் அது.

தமிழ்நாட்டில் இன்னொரு வாயிலும் திறந்தே இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த நலவாரியங்களுள் ஒன்று, காலணி மற்றும் தோல் பொருள் உற்பத்தி, தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கானது. 18 வயது நிறைந்து 60 வயதுக்கு உட்பட்டவர்கள் அதில் உறுப்பினராகலாம். 2020 ஊரடங்கில் நலவாரியங்களின் வழியாகப் பணம் வந்தபோது, பதிவு செய்திருந்தவர்களுக்கே அது வந்தது. பதிவு இப்போது இணையவழியில் நடைபெறுகிறது. குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், வயதுச் சான்று, இத்தொழில் செய்கிறார் என்பதற்கான சான்று ஆகியவை வேண்டும். விபத்து, மகப்பேறு, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் ஆகியவற்றோடு, உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு. அந்த உதவித்தொகை பட்டப்படிப்புக்கும் பொருந்தும். நம் கல்லூரியில் படிப்பவர்களுள் எத்தனை பேரின் தாய்மார் மாலையில் தோல் துண்டும் ஊசியுமாக அமர்கிறார்கள் என்பது அவரவர் வீட்டுக்குத் தெரியும். விண்ணப்பத்தை நிரப்ப அரை மணி நேரம் போதும். நிரப்பத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.